அஞ்சாம் பாகத்துக் கண்டாக்கு

வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஜூட்டுக்கு முன்னால் அவனுடைய பாட்டு வந்துவிடும். பாண் ஆட்டோவின் கூரையில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி, மழையில் நனைந்து நனைந்து தொண்டை கட்டிப்போய், ஒரே மெட்டை இழுத்து இழுத்துப் பாடும். அதைக் கேட்டதும் லயத்து வரிசை வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். பின்பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பேக்கரியிலிருந்து சுடச்சுட வந்த பாண், பனிஸ், மீன் வைத்த மாலு பாண், முதலை வடிவத்தில் சுட்டுச் சீனி தூவிய கிம்புலா எல்லாம் அடுக்கியிருக்கும். ஜூட் முப்பதைத் தாண்டிய ஆள். சிரித்த முகம். பழசைப் புதுசென்று யார் தலையிலும் கட்டமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையைத் தவறவிடமாட்டான். இவ்வளவு நல்ல மனுசனுக்கு ஒரே ஒரு வியாதி இருந்தது. அதன் பெயர் அஞ்சாம் பாகம்.

வியாதி விளங்கவேண்டுமானால் ‘சாம்பல் கோட்டை’யைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது ஒரு வீடியோ கேம். ஒன்றோடு நிற்காமல் பாகம் பாகமாக வந்துகொண்டேயிருக்கிற கேம். வாளை எடுத்துக்கொண்டு மலைமலையாக ஏறி, பூதங்களை வெட்டி, மந்திரவாதிகளை ஏய்த்து, கடைசியில் சாம்பல் மூடிய ஒரு கோட்டையைப் பிடிக்கவேண்டும். ஜூட் பிறந்த காலத்தில் தொடங்கிய வரிசை இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஹட்டன் டவுனில் இளவட்டங்கள் கூடினால் மூன்றாம் பாகம்தான் உசத்தி என்று ஒரு கட்சி, ஏழாம் பாகத்துக்கு ஈடில்லை என்று இன்னொரு கட்சி. ஐந்தாம் பாகத்துக்குக் கட்சி கிடையாது. அது சின்னது, சப்பென்று இருக்கும், மத்தியானம் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும் என்பதுதான் எல்லாரும் சொல்வது. கேமைச் செய்த கம்பனிக்காரனே அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தப் பாகத்துக்குத்தான் ஜூட் வக்கீல்.

காரணம் பெரிய ரகசியமொன்றுமில்லை. அவனுக்குக் கிடைத்தது அது மட்டும்தான். அவன் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் கோயில் இளைஞர் மன்றத்துக்கு யாரோ புண்ணியவான் ஒரு பழைய கேம் பெட்டியையும் ஒரு சீடியையும் அன்பளிப்பாகக் கொடுத்தார். மற்றப் பாகங்களை வைத்திருந்தவர்கள் அவற்றைக் கொடுப்பார்களா என்ன? கொடுக்க மனம் வந்தது அஞ்சாம் பாகத்தைத்தான். மன்றத்துப் பையன்கள் இரண்டு நாள் தட்டிப்பார்த்துவிட்டு கேரம் பலகைக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். ஜூட் மட்டும் போகவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப்பையோடு மன்றத்துக்குள் நுழைந்து அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவான். ஒரு வருசம் அப்படியே போனது. பிறகு வட்டவளை மழை, பெட்டிக்குள் பூஞ்சணத்தை வளர்த்து அதன் கதையை முடித்துவைத்தது.

அந்த ஒரு வருசத்தில் அவன் கண்டது வேறு யாரும் காணாதது. இதுதான் பிரச்சினையே.

ஊர் உலகத்துக்குத் தெரிந்த அஞ்சாம் பாகம் இப்படி: வீரன் சாம்பல் மலைப்பாதையில் ஏறிப்போகிறான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மேலேயிருந்து ஒரு ஆள் இறங்கி வருகிறான். முழங்கால்வரைக்கும் செம்புக் கவசம், தலையில் செம்புத் தொப்பி, கையில் நீட்டுக்கம்பு. கம்பின் நுனியில் மின்னல் வெட்டும். தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பெயர் தெரியும்: கண்டக்டர். மின்னலைக் கடத்துகிறவன் என்று அர்த்தம். அவனோடு மல்லுக்கட்டி வெட்டிச் சாய்த்தால் கோட்டைக் கதவு திறக்கும், சாம்பல் கொட்டும், கேம் செய்தவர்களின் பெயர்கள் ஓடும். அவ்வளவுதான் கேம்.

ஜூட்டின் அஞ்சாம் பாகத்தில் சண்டையே கிடையாது. அந்த ஆள் அவனைத் தாண்டி இறங்கிப்போனான். போன வழியெல்லாம் மழை பிடித்தது. சாம்பல் கரைந்து ஓட, பாதையோரத்தில் புல் தெரிந்தது. கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு திறந்தது. அங்கே வீடுகள், ஆறு, பாலம், ஆடு மேய்க்கிற கிழவன், சுமை தூக்குகிற பெண்கள். வீரன் அவர்களோடு பேசலாம், விறகு சுமக்கலாம், ஆற்றில் மீன் பிடிக்கலாம். ஒவ்வொரு பகலிலும் அந்தச் செம்புத்தொப்பி ஒருதடவை பாலத்தைக் கடந்து வருவான், போவான். அவன் போனதும் அடுத்த நாள் விடியும். ஒரு நாள் சந்தை கூடும், ஒரு நாள் பனி மூடும், ஒரு நாள் கல்யாணம் நடக்கும். முடிவென்பதே வராது.

“மத்தப் பாகமெல்லாம் வெட்டி முடிக்கிறதுக்கு. அஞ்சாம் பாகம் வாழ்றதுக்கு. அதுக்கு முடிவே கெடையாது” என்பான் ஜூட், பாணைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே.

கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். கல்யாணம் நடக்குதா, சாப்பாடு போட்டாங்களா என்று கேலி பண்ணினார்கள். எப்படிப் போனாய் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. சும்மா போனேன், வழி இருந்தது என்பான். சும்மா போனவனுக்கு வழி இருந்தால் மற்றவர்களுக்கு ஏன் இல்லை என்று மடக்கினால் முழிப்பான். ஆனால் வாயை மூடிக்கொள்ளமாட்டான். அடுத்த லயத்தில் அதே கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பான். அவன் மனைவி யூஜினா, அவனைப்போலவே லயத்தில் பிறந்து இப்போது ஹட்டனில் ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கிறவள், கேம் என்ற பேச்சை எடுத்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவன் அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றித்தான் பேசினானாம். ஏதோ காணி வாங்கிப்போட்டிருக்கிறான் என்று அவளுடைய அப்பா நினைத்துக்கொண்டாராம்.

இது இப்படியே சிரிப்போடு போயிருக்கும். கெடுத்தவர் ஆண்டியப்பன்.

ஆண்டியப்பன் தோட்டத்து மேல்டிவிசனில் வேலை செய்து ஓய்ந்தவர். நாக்கில் எப்போதும் கொஞ்சம் மிளகாய்த்தூள் வைத்திருப்பவர். ஒரு நாள் காலையில் பாணை அமுக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது இன்னைக்குப் போட்ட பாணா, அஞ்சாம் பாகத்துப் பாணா?” என்று கேட்டார். லயமே சிரித்தது. ஜூட்டும்கூடச் சிரித்தான். பாவம், அது எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வாரத்துக்குள் அந்தப் பேச்சு டிவிசன் விட்டு டிவிசன் தாவியது. காய்ந்த பாணுக்கு அஞ்சாம் பாகம் என்று பெயராகிவிட்டது. வராத பஸ் அஞ்சாம் பாகம். தேர்தலுக்கு முன்னால் கிடைக்கிற வாக்குறுதி அஞ்சாம் பாகம். அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. காலையில் வேலைக்கு ஓடுகிற பெண்கள் உண்மையாகவே பாணை அமுக்கி அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஜூட் இன்றைக்குப் போட்டதுதான் என்று சொன்னால் அவன் முகத்தைப் பார்த்தார்கள். சொல்கிறவன் யார் என்று யோசித்தார்கள். கேமில் இல்லாததை இருக்கிறதென்று சாதிக்கிறவனுக்குப் பாணில் சாதிக்க எவ்வளவு நேரமாகும்?

பாண் திரும்பி வரத் தொடங்கியது. கினிகத்தேனையில் பேக்கரி வைத்திருக்கும் முதலாளி நல்ல மனுசர், அதிகம் பேசாதவர். அவர் ஒரு நாள் மிஞ்சிய பாண்களைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில், சனங்களுக்கு உன்மேல் நம்பிக்கை போய்விட்டதாமே என்று மெதுவாகக் கேட்டார். இப்படியே போனால் வட்டவளைச் சுற்றை வேறு ஆளிடம் கொடுக்கவேண்டி வரும் என்றும் சொன்னார். ஜூட்டுக்கு அன்றைக்கு முழுதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பொய்யன் என்று யாரும் நேருக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பான்.

கேமை வீட்டில் விட்டுவிட்டுப் பாணை மட்டும் விற்கச் சொன்னாள் யூஜினா. அவனுக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் இப்போது வாயை மூடினால் இத்தனை வருசமும் சொன்னது புளுகு என்று ஒத்துக்கொண்டமாதிரி ஆகிவிடாதா? கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்ல அவனால் முடியவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் சாம்பல் கோட்டை கம்பனி எல்லாப் பாகங்களையும் சேர்த்துப் புதுப்பித்து ஒரே கட்டாக வெளியிட்டது. ஹட்டனில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கும் சுதாகரன் அதை வாங்கி, கடையின் பெரிய டீவியில் மாட்டிவிட்டான். சுதாகரன் டவுன்காரன். அப்பாவுக்கு மெயின் றோட்டில் புடவைக்கடை. அவன் சுவரில் பாகங்களின் படங்களை உசத்தி வரிசைப்படி மேலிருந்து கீழே ஒட்டினான். அஞ்சாம் பாகம் எல்லாவற்றுக்கும் அடியில், குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது.

ஜூட் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போவானா? உள்ளே நுழைந்து வாயைக் கொடுத்தான். சுதாகரன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் அந்த வாரமே அதை விளையாடி முடித்துவிட்டதாகச் சொன்னான். கண்டக்டர் என்ற பெயரைப் பார்த்ததுமே தனக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். ஹட்டன் – நுவரெலியா பஸ்ஸில் மீதிக் காசு கேட்டால் முறைக்கிற கண்டக்டர்தான் ஞாபகத்துக்கு வந்தானாம். வாளை ஓங்கிப் போட்ட போட்டில் ஆள் காலி. டவுன்காரனுக்குக் கண்டக்டர் என்றால் பஸ்தானே.

“நீங்க சொல்ற பள்ளத்தாக்கு இருந்தா, வர்ற ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்து காட்டுங்கண்ணே. எல்லாரையும் வரச் சொல்றேன்” என்றான் சுதாகரன். “இருந்தா நானே ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்குறேன். இல்லாட்டி இனிமே அந்தப் பேச்ச விட்டுடணும்.”

ஜூட் தலையாட்டினான். ஆட்டிவிட்டுத்தான் பயந்தான்.

அந்த வாரம் வேலை முடிந்த பின்னேரங்களில் சுதாகரனின் கடைக்குப் போய் ஒத்திகை பார்த்தான். மலைப்பாதையில் ஏறினான். செம்புத்தொப்பி இறங்கி வந்தான். ஜூட் அவனைச் சுற்றி ஓடிப் பார்த்தான், மின்னல் அடித்தது. பின்னால் பதுங்கிப் பார்த்தான், அடித்தது. பையிலிருந்த அப்பம், மூலிகை, தங்கச்சங்கிலி எல்லாவற்றையும் காணிக்கையாகக் கீழே போட்டுப் பார்த்தான், சங்கிலியைத் தாண்டி வந்து அடித்தது. முன்பு எப்படிப் போனோம் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டான். விரல்களுக்கு ஞாபகம் இருக்குமென்று கண்ணை மூடிக்கொண்டும் விளையாடிப் பார்த்தான். விரல்களும் கைவிட்டன. சனிக்கிழமை பின்னேரம் அவனுக்கு அந்தக் கேவலமான சந்தேகம் வந்தது. ஒருவேளை அப்படி எதுவுமே இல்லையோ? பையனாக இருந்தபோது கனவில் கண்டதை இத்தனை காலமும் சத்தியம் பண்ணிக்கொண்டு திரிந்தோமோ?

ஞாயிற்றுக்கிழமை சுதாகரனின் கடையில் நிற்க இடமில்லை. இளவட்டங்கள் ஒரு பக்கம், பூசை முடிந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒரு பக்கம். போன் திருத்தக் கொடுத்த ஆண்டியப்பன் ஒரு கதிரையைப் பிடித்து முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். யூஜினாவும் வந்திருந்தாள். கோயிலிலிருந்து நேரே மார்க்கெட் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு, கினிகத்தேனை பஸ்ஸைப் பிடிக்கலாம் என்பது அவளுடைய திட்டம். புருசன் இழுத்த இழுப்புக்கு வந்து, மரக்கறிப் பையோடு கதவோரமாக நின்றாள்.

ஜூட் ஜாய்ஸ்டிக்கைக் கையிலெடுத்தான். ஏறினான். மின்னல் அடித்தது, வீரன் செத்தான். மறுபடி ஏறினான், மறுபடி செத்தான். முதலில் உச்சுக்கொட்டியவர்கள் பிறகு சிரிக்கத் தொடங்கினார்கள். ஆண்டியப்பன், பாண் நல்லாக் கருகுது என்றார். ஜூட்டின் முகத்தில் ஈயாடவில்லை. வாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையின் நடுவில் முக்காடு போட்ட வீரனை நிறுத்தியபடி, இனி என்ன செய்வதென்று தெரியாமல் வெறித்துக்கொண்டிருந்தான். மேலே செம்புத்தொப்பி மறுபடி இறங்கத் தொடங்கினான்.

புருசன் இப்படிச் சபை நடுவில் அவமானப்படுவதை யூஜினாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. டீவிக்குக் கிட்டே வந்து, அந்த ஆளின் தலைக்கு மேலேயிருந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள்.

“என்னங்க, இவரு கண்டாக்கா?”

“ஆமா, கண்டாக்குதான்” என்றான் ஜூட், யோசிக்காமலே.

“அப்ப கண்டாக்கு வர்றப்ப இப்பிடியா கத்தியத் தூக்கிக்கிட்டு நடுரோட்டுல நிப்பீங்க? தலையில முக்காடு வேற.”

தோட்டத்தில் பிறக்காதவர்களுக்கு இது விளங்காது. மலையில் கொழுந்தெடுப்பவர்களை மேய்க்கிற உத்தியோகத்தருக்கும் அதே ஆங்கிலப் பெயர்தான். அது லயத்து வாயில் கண்டாக்கு ஐயா ஆனது. அரைக்கால்சட்டை, முழங்கால்வரை காலுறை, தொப்பி, கையில் நீட்டுக்கம்பு. அவர் எதிரே வந்தால் பாதையைவிட்டு ஓரத்துக்கு இறங்கி நிற்கவேண்டும். தேயிலைச்செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கீழே இறக்கவேண்டும். மழைக்குத் தலையில் போட்டிருக்கிற சாக்கை எடுக்கவேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. நடக்கப் பழகும்போதே கூடச் சேர்ந்து வருகிற பழக்கம். புத்தகப்பையோடு மன்றத்தில் உட்கார்ந்திருந்த பையன் அந்தப் பெயரைப் பார்த்ததும் அதைத்தான் செய்தான். செய்தோம் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. தூசி பறந்தால் கண் சிமிட்டுவதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? பிறகு அவன் வளர்ந்து, லயத்தைவிட்டு வெளியே வந்து, ஆட்டோ ஓட்டி, கண்டாக்குகளின் மோட்டார்சைக்கிளுக்கே ஹோர்ன் அடிக்கிற ஆளாகிவிட்டான். ஒதுங்குகிற பழக்கம் எந்த வருசத்தில் கழன்று விழுந்ததென்று அவனுக்கே தெரியாது.

ஜூட் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாளை உறையில் போட்டான். முக்காட்டை விலக்கினான். வீரனைப் பாதையோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கி நிறுத்தினான்.

கண்டாக்கு வந்தார். மின்னல் வெட்டியது, ஆனால் அடிக்கவில்லை. வீரனை ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே இறங்கிப் போனார். போன வழியில் மழை பிடித்தது.

சாம்பல் கரைந்தது. புல் தெரிந்தது. கோட்டைக்குப் பின்னால் ஜூட் இத்தனை காலமும் சொன்ன அந்தப் பள்ளத்தாக்கு, ஆறும் பாலமும் ஆடு மேய்க்கிற கிழவனுமாக, பெரிய டீவி முழுக்க விரிந்தது. சுதாகரன் தன்னுடைய நாற்காலியைவிட்டு எழுந்து நின்றான். யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். ஜூட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைக்கவுமில்லை, கையில் ஜாய்ஸ்டிக் இருந்ததே.

அத்தோடு அவன் எழுந்து போயிருந்தால் முழு வெற்றி. வக்கீல்கள் அப்படிப் போவதில்லை. இருங்கள், இதற்கு முடிவே கிடையாது என்பதையும் காட்டுகிறேன் என்று உட்கார்ந்துகொண்டான். பாலத்தில் கண்டாக்கு வந்தார். பள்ளத்தாக்குச் சனங்களெல்லாம் சுமையை இறக்கிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள். ஜூட்டும் ஓரத்தில் ஒதுங்கினான். அவர் போனார், விடிந்தது, சந்தை கூடியது. மறுபடி வந்தார், ஒதுங்கினான், பனி மூடியது. மறுபடி வந்தார், மறுபடி ஒதுங்கினான். ஒவ்வொரு தடவையும் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, பார்த்தீர்களா என்று கண்ணாலேயே கேட்டான். கூட்டத்தில் கொட்டாவி கிளம்பியது.

யூஜினா கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ் புறப்படுகிற நேரம். பையில் கீரை வாடிக்கொண்டிருந்தது.

“எத்தன தடவதாங்க ஒதுங்குவீங்க? குடுங்க இங்க” என்று அவன் கையிலிருந்து ஜாய்ஸ்டிக்கை வாங்கினாள்.

அவளுக்கு அதில் எது என்ன என்று தெரியாது. ஒரு குமிழைத் தள்ளினாள். வீரன் தடுமாறிப் பாலத்தின் நடுவில் போய் நின்றான். அதற்குமேல் எதையும் தொடாமல் அப்படியே பிடித்துக்கொண்டாள். வாள் உறையில்தான் இருந்தது. கண்டாக்கு வந்தார். ஜூட் பதறிப்போய், ஓரமாகப் போ, செத்துவிடுவாய் என்றான். அவள் போகவில்லை. கண்டாக்கு கிட்டே வந்தார். இன்னும் கிட்டே வந்தார். மூக்கோடு மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்றார். கம்பின் நுனியில் மின்னல் பெரிதாகிக்கொண்டே போனது.

அவர் கம்பைக் கீழே வைத்தார். செம்புத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே நரைத்துப்போன, களைத்த ஒரு சாதாரண மனுசன் முகம். பிறகு பாலத்தின் ஓரத்துக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நின்றார்.

பள்ளத்தாக்குச் சனங்கள் சுமைகளைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து பாலத்தைக் கடந்து போனார்கள். அவர்கள் போய்க்கொண்டிருக்கும்போதே இசை எழும்பி, கேம் செய்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கின.

பெயர்கள் ஓடி முடிவதற்குள் சுதாகரன் கேட்டான். கேலியாக இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டான்.

“ஜூட் அண்ணே, முடிவு இருக்கே. முடிவே இல்லன்னுதானே நீங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்க?”

எல்லாத் தலையும் ஜூட் பக்கம் திரும்பியது. ஆண்டியப்பன் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார். எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இது புதுப்பித்த கேம், பழையதில் அப்படியில்லை என்று ஒரு வார்த்தை போட்டிருந்தால் யார் போய் விசாரிக்கப்போகிறார்கள்? அந்த வார்த்தை அவனுடைய நாக்குவரைக்கும் வந்தது. பாணும் சுற்றும் முதலாளியும் ஒரு நொடிக்குள் கண்முன்னால் வந்து போனார்கள். அவன் அதை மென்று விழுங்கினான்.

“நான் சொன்னது தப்பு தம்பி. முடிவு இருந்திருக்கு. நான் ஒதுங்கி ஒதுங்கி நின்னதால எனக்கு அது வரல.”

யாராவது சிரிப்பார்கள் என்று அவன் எதிர்பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை. சுதாகரன், சொன்ன வார்த்தை மாறாமல், எல்லாருக்கும் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டான். ஆண்டியப்பன் மெதுவாக எழுந்து, திருத்தின போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“தப்புன்னா தப்புங்கிறான். அப்ப மத்தது மெய்தான்” என்றார் பொதுவாக, யாரையும் பார்க்காமல். பிறகு ஜூட்டிடம், நாளைக் காலையில் தனக்கு இரண்டு பாண் எடுத்துவைக்கச் சொன்னார். அமுக்கிப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறாராம். முன்வரிசையில் இருந்த மேல்டிவிசன் ஆட்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் அதைச் சொன்னார். ஜூட்டுக்கு நெஞ்சிலிருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

பஸ்ஸை ஓடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது, கீழே தேயிலை மலை வளைந்து வளைந்து பின்னுக்குப் போனது. ஜூட் ஜெயித்தவன் மாதிரியே இல்லை. மடியில் மரக்கறிப் பையை வைத்துக்கொண்டு பேசாமல் வந்தான். அவன் ஒரு வார்த்தை பேசாமல் வருவதை யூஜினா கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. என்ன என்று கேட்டாள்.

“ஒரு வருசம் யூஜினா. ஒவ்வொரு நாளும் போய் உக்காந்து, ஒவ்வொரு தடவையும் ஒதுங்கி நின்னிருக்கேன். நடுவுல நிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல பாரு.”

யூஜினா ஜன்னலுக்கு வெளியே, மழையில் நனைகிற லயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒங்களுக்கு மட்டுமா?” என்றாள்.